மழைக்குப் பொறுப்பான தவளை

பொம்மைக்காரர் தவளைப் படம் எடுத்தது யார் மனதையும் புண்படுத்துவதற்காக அல்ல. தவளையைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும், அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஏதோ பெரிய கோப்பில் கையெழுத்துப் போட்டு முடித்த மாதிரி ஒரு முகம் அதற்கு. ரப்பரிலும் பஞ்சிலும் ஒரு குளத்துத் தவளைகளைச் செய்து, மொட்டைமாடியில் கிடந்த பழைய தண்ணீர்த் தொட்டியைக் குளமாக்கி, ஒவ்வொரு காலாக நகர்த்தி நகர்த்திப் படம் பிடித்து, தலையில் பாதி முடி போவதற்குள் ஒரு முழுநீள நகைச்சுவைப் படத்தை முடித்துவிட்டார்.

படத்தின் பெயர் 'மழைக்குப் பொறுப்பு'. குளத்திலேயே பெரிய இலைமேல் ஒரு தலைமைத் தவளை உட்கார்ந்திருக்கிறது. தான் கத்துவதால்தான் மழை பெய்கிறது என்பது அதன் நம்பிக்கை. தூறல் விழுந்தால் போதும், நன்றியுரைக்குக் கூட்டம் கூட்டிவிடும். ஒருநாள் ஒரு பெண் தவளை எழுந்து, "மழைக்கு நீங்க பொறுப்பு, சரி. வெயில் இப்படிக் கொளுத்துதே, இதுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்கிறது. தலைமைத் தவளை தொண்டையை உப்பிக்கொண்டு, "அது வேற துறை" என்கிறது. அங்கே தொடங்குகிற ரகளை படம் முடிகிறவரை ஓயாது.

அந்தப் பெண் தவளைக்குக் குரல் கொடுத்தது பொம்மைக்காரரின் மனைவி. அவள் குரல் இரும்புச் சட்டியில் ஜல்லியைப் போட்டுக் குலுக்கினாற்போல இருக்கும். தொலைபேசியில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர்கள் மரியாதையாக 'சார்' போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசைச்சா போதும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வெளியாட்கள் நடுவில் அவள் முடிந்தவரை வாயை மட்டும்தான் அசைத்துவந்தாள். ஆனால் நண்பர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டிய மாலையில், பெண் தவளை வாயைத் திறந்தபோதெல்லாம் கூடம் அதிர்ந்தது. படம் முடிந்ததும் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு, "அந்த வெயில் வசனத்தை இன்னொரு தடவை!" என்று கெஞ்சினார்கள். அவளும் சொன்னாள். கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

அவளுடைய அண்ணனுக்கு ஒரு தியேட்டர் இருந்தது. "பள்ளிக்கூட விடுமுறைக்கு என் தியேட்டர்ல உங்க தவளைதான் மாப்ள," என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். "விடுமுறை முடிஞ்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பெரிய பெரிய படமெல்லாம் வாசல்ல நிக்குது."

மிச்சம் இருந்தது சான்றிதழ் மட்டும்.

தன்னை நகைச்சுவைப் படம் என்று சொல்லிக்கொள்கிற எந்தப் படமும் சிரிப்புச் சான்றிதழ் வாரியத்தைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். மக்கள் தகுதி இல்லாத விஷயங்களுக்கெல்லாம் சிரித்து வீணாகிவிடக் கூடாது என்ற அக்கறையில் ஏற்படுத்தப்பட்ட வாரியம் அது. பொம்மைக்காரர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார்.

"என்ன படம்?" என்றார் கிளார்க்.

"நகைச்சுவைப் படம்ங்க."

"அதை நாங்க சொல்லணும். யாரு நடிச்சிருக்காங்க?"

"தவளைங்க."

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "தவளை தண்ணியில வாழற ஜந்துவா, தரையில வாழற ஜந்துவா?"

"ரெண்டுலயும்தாங்க."

கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டார். "அப்படியெல்லாம் ரெண்டுலயும் இருக்க முடியாது சார். தண்ணி கீழ்த்தளம். தரை மேல்மாடி."

பொம்மைக்காரர் கீழ்த்தளத்துக்குப் போனார். தாவுகிற பிராணியைத் தண்ணீர்ப் பிரிவு ஏற்பதற்கில்லை என்றார்கள். மேல்மாடிக்கு ஏறினார். தலைப்பிரட்டையாக இருந்த காலத்தில் அது எங்கே வளர்ந்தது என்று கேட்டு, திரும்பக் கீழே அனுப்பினார்கள். படிக்கட்டில் அவருக்கு மூட்டு தேய்ந்ததைப் பார்த்து இரண்டு பிரிவும் ஒருவழியாக ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தண்ணீரில் நடக்கும் காட்சிகளைக் கீழேயும், கரையில் நடக்கும் காட்சிகளை மேலேயும் தனித்தனியாகப் பார்ப்பது.

"தாவும்போது அந்தரத்துல இருக்குமேங்க?" என்று பொம்மைக்காரர் வாயைக் கொடுத்தார்.

"அது பறவைப் பிரிவு. அவங்க மத்தியானம் பூட்டிட்டுப் போயிடுவாங்க."

நல்லவேளையாகக் கீழ்த்தள அதிகாரிக்கு அன்று ஊருக்குப் போக வேண்டியிருந்தது. வழியில் ஒரு குளம்கூடத் தன் கண்ணில் படக் கூடாது என்ற எரிச்சலில், 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். படம் முழுசாக வாரியத்தின் முன்னால் வந்தது.

வாரியத்தின் சின்னத் திரையரங்கில் 'சிரிக்காதீர்' என்று பெரிய பலகை மாட்டியிருந்தது. படம் பார்க்கும்போதோ விசாரணையின்போதோ உறுப்பினர் யாராவது சிரித்துவிட்டால் அவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று பொருள். அவருடைய ஓட்டும் ஆட்சேபமும் செல்லாது. ஒரு படம் சிரிப்பு மூட்டுகிறதா என்பதைச் சிரிக்காத ஆள்தானே நடுநிலையோடு சொல்ல முடியும்?

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர். அவர் முன்பு இடுகாட்டுப் பராமரிப்புத் துறையில் இருந்தவர். அந்த வேலைக்கு அவருடைய முகம் அத்தனை பொருத்தமாக இருந்ததைக் கண்டு பதவி உயர்வு கொடுத்து இங்கே அனுப்பியிருந்தார்கள். வலது பக்கம் உயிரியல் உறுப்பினர். கல்லூரியில் காலமெல்லாம் தவளையை அறுத்துப் பாடம் நடத்தியவர். தவளைமேல் அவருக்கு இருந்த அக்கறையை யாரும் சந்தேகிக்க முடியாது. இடது பக்கம் பண்பாட்டு உறுப்பினர், எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று கெட்டுப்போவதை முதலில் கண்டுபிடிக்கும் அம்மா.

விளக்கு அணைந்தது. பெண் தவளை வெயிலுக்கு யார் பொறுப்பு என்று கேட்ட இடத்தில் உயிரியல் உறுப்பினர் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டார். பண்பாட்டு உறுப்பினர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். அடுத்த காட்சிக்குள் அது முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. தலைவர் மட்டும் ஆடாமல் அசையாமல் பார்த்தார். தலைமைத் தவளை பேசிய இடங்களில் மெல்லத் தலையாட்டினார். வாய்விட்டுச் சிரித்தது படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ஒருவர்தான். அவரிடம் உடனே விளக்கம் கேட்கப்பட்டது.

விளக்கு எரிந்ததும் உயிரியல் உறுப்பினர் தொடங்கினார். "நான் தவளையை வெளியேயும் பாத்தவன், உள்ளேயும் பாத்தவன். பொண்ணு தவளை கத்தாது. கத்தறது ஆண் தவளைதான். உங்க படத்துல பொண்ணு தவளை கேள்வியே கேக்குது!"

"ஆண் தவளையும்தான் சார் பேசுது."

"அது கத்தும். கத்தறதைப் பேச்சுன்னு எடுத்துக்கலாம். நிர்வாகத்துல நாங்க அப்படித்தான் எடுத்துக்கறோம்."

பண்பாட்டு உறுப்பினர் கைக்குட்டையை வெளியே எடுத்துப் பிழிந்தார். "தவளைன்னா கிணறுதானே நம்ம மரபு? இவர் எதுக்குக் குளத்துல விட்டிருக்காரு? அதையாவது பொறுத்துக்கலாம். அந்தக் குரல் இருக்கே! பொண்ணு குரல்னா காதுல தேன் பாயணும். இது தகரத்துல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு. இதைக் கேட்டுட்டு நாளைக்கு நம்ம வீட்டுப் பொண்ணுங்களும் எதிர்க்கேள்வி கேக்க ஆரம்பிச்சா? நான் எங்க வீட்டுல வாயே திறக்க மாட்டேன். அதனாலதான் இங்க வந்து பேசறேன்." வீட்டில் பேசாத அத்தனையையும் அவர் பேசி முடிக்கிறவரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அந்தத் தலைமைத் தவளை யாரைக் குறிக்குது?"

பொம்மைக்காரர் வாயைத் திறப்பதற்குள் உறுப்பினர்கள் இருவரும் முந்திக்கொண்டார்கள்.

"நிச்சயமா உங்களை இல்ல சார்," என்றார் உயிரியல். "அது இலையில உக்காந்திருக்கு. உங்க நாற்காலி தேக்கு."

"அது பேசறதுக்கு முன்னாடி தொண்டையை உப்பிக்குது," என்றார் பண்பாடு. "சார் உப்பறது பேசும்போதுதான்."

"அது தனக்குத் தானே பாராட்டுக் கூட்டம் போட்டுக்குது. சாருக்குப் போன தடவை நாங்களாத்தான் போட்டோம்."

"ஆமா, சார் சொன்ன உடனே நாங்களா போட்டோம்."

தலைவர் திருப்தியோடு தலையசைத்தார். தலைமைத் தவளை விவகாரம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதற்குள் பெண் தவளையின் குரலை இனிமையான குரலாக மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்று உத்தரவானது. "சம்மதம்தானே?" என்று தலைவர் கேட்டார். விடுமுறையும் தியேட்டர் வாசலும் கண் முன்னால் நிற்க, பொம்மைக்காரர் தலையாட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, "சின்னச் சின்ன மாத்தம் சொல்றாங்க," என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். எந்த மாற்றம் என்று அவள் கேட்டபோது சட்டையை மாட்டுவதற்கு ஆணி தேடினார்.

மச்சானிடம்தான் மனதைத் திறந்தார். "மாத்திடுங்க மாப்ள," என்றார் மச்சான். "தங்கச்சி ஒண்ணும் நினைக்க மாட்டா."

"அப்ப நீங்களே சொல்லிடுங்களேன்."

"நானா? அந்தக் குரல்ல ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளே, அதுலேர்ந்து நான் அவகிட்ட எதையும் சொல்றதில்ல."

சோப்பு விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கும் பெண் ஒருத்தியை அழைத்துவந்து, வெளியே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மனைவிக்குத் தெரியாமல் பதிவு செய்தார்கள். அந்தப் பெண்மேல் குற்றம் இல்லை. தேன் சொட்டச் சொட்டத்தான் பேசினாள். 'வெயில் இப்படிக் கொளுத்துதே' என்று அவள் சொன்னபோது அடுத்து ஏதோ முகப்பூச்சின் பெயர் வரும்போல இருந்தது. ஒலிப்பதிவாளர் கொட்டாவி விட்டார். திரையில் பெண் தவளை யாரோ போலத் தாவிக்கொண்டிருந்தது. பொம்மைக்காரருக்கு அதன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அவர் வெளியே இருந்த நேரத்தில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மனைவி எடுத்தாள்.

"வணக்கம் சார். வாரியத்துலேர்ந்து கிளார்க் பேசறேன். நாளைக்குக் கூட்டம். அந்தப் பொம்பளைக் குரலை மாத்தியாச்சா?"

"எந்தக் குரலைங்க?"

"அதான் சார், அந்தத் தகரக் குரல். மாத்தறேன்னு நீங்கதானே தலையாட்டினீங்க?"

"நான் ஆட்டினேனா?"

"நல்லாவே ஆட்டினீங்க சார். நான்தான் எழுதிக்கிட்டேன்."

"சரிங்க," என்று சொல்லிவிட்டு வைத்தாள். அடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்; அவள் குரலைக் கேட்டதுமே அவர் ஒலிப்பதிவுக் கூடம், சோப்புப் பெண் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

பொம்மைக்காரர் திரும்பியபோது அவள் மொட்டைமாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் தவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தலையாட்டினீங்களாமே," என்றாள்.

அவர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். "படம் எப்படியாவது வெளிய வரணுமேன்னு..."

"வரட்டும். அதுக்காகக் குரல் போகணும்னா போகட்டும், எனக்கு ஒண்ணும் புதுசில்ல. ஆனா பாட்டு டீச்சர்கூட என் மூஞ்சியப் பாத்துதாங்க சொன்னாங்க. நீங்க எனக்குத் தெரியாம கூடம் பிடிச்சு, ஆள் பிடிச்சு..." அவள் குரல் உடைந்தது. உடைந்தாலும் அது அதே மாதிரிதான் இருந்தது. அவருக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது.

"தப்புதான்," என்றார். சொன்னபிறகு அது போதவில்லை என்று தெரிந்து, இன்னொரு துணியை நனைத்துக்கொண்டு அவரும் ஒரு தவளையைத் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்ததில் அதன் பச்சை நிறமே கொஞ்சம் போய்விட்டது.

"அதை வைங்க," என்று பிடுங்கி வைத்தாள். "நாளைக்கு வாரியத்துக்கு நானும் வர்றேன்."

"வந்து?"

"நம்ம குரலை அவங்க கேட்டாங்கல்ல. அவங்க குரலை நான் கேக்க வேணாமா?"

மறுநாள் விசாரணை அறை வாசலிலேயே கிளார்க் அவளைத் தடுத்தார். ஆட்சேபத்துக்கு உரிய குரல் ஆட்சேபம் குறித்துப் பேசக் கூடாது என்று விதி இருந்தது. உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. அவள் உட்கார்ந்தாள்.

"புதுக் குரல் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார் தலைவர்.

பொம்மைக்காரர் எழுந்தார். "இல்லைங்க. பண்ணிப் பாத்தேன். வேண்டாம்னு அழிச்சிட்டேன். பழைய குரல்தாங்க. அது என் வீட்டுக்காரி குரல்."

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். அழித்த விஷயத்தை அவளிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை.

தலைவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நீங்க அவசரப்படறீங்க. இந்த வாரியம் இல்லாத காலத்துல ஜனங்க கண்டபடி சிரிச்சிட்டிருந்தாங்க. இப்ப எவ்வளவு குறைஞ்சிருக்கு பாருங்க! எங்க சாதனை அது. நான் பதவிக்கு வந்தப்புறம் ஒரு படம்கூட நகைச்சுவைப் படம்னு வெளிய போகல. போக விட்டிருந்தா, போனது எங்க தப்பா ஆகியிருக்கும். போகாததுல ஒரு தப்பும் நடக்கல. விடுமுறை வரும், போகும். மறுபடியும் வரும். நான் எங்கயும் போகப் போறதில்ல."

மனைவி எழுந்து நின்றாள். கிளார்க் பதறிக் கையை உயர்த்தினார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேங்க," என்றாள். ஜல்லிச் சட்டி குலுங்கியதில் கிளார்க், "சார்?" என்று தன்னையறியாமல் சுற்றுமுற்றும் தேடினார். "சான்றிதழ் குடுக்கறதுக்கு நீங்க பொறுப்பு, சரி. இப்படி இழுத்தடிக்கறீங்களே, இதுக்கு யாரு பொறுப்பு?"

தலைவரின் தொண்டை உப்பியது. "அது வேற துறை," என்றார்.

உயிரியல் உறுப்பினரிடமிருந்து குக்கர் மூடி தூக்கினாற்போல ஒரு சத்தம் வந்தது. பண்பாட்டு உறுப்பினர் கைக்குட்டையைத் தேடினார். அது கிடைப்பதற்குள் காரியம் கைமீறிவிட்டது. அவர் மேசையைக் குத்திக் குத்திச் சிரித்தார். அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு உயிரியல் உறுப்பினர் சரிந்தார். கிளார்க் கோப்பால் முகத்தை மூடிக்கொண்டார், கோப்பு குலுங்கியது. பண்பாட்டு உறுப்பினர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "வேற துறையாம்!" என்று உயிரியலைப் பார்த்துச் சொல்ல, இன்னொரு சுற்று தொடங்கியது.

தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இடுகாட்டுத் துறையில் இதற்கெல்லாம் பழக்கம் இல்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, விதிப்படி இரண்டு உறுப்பினர்களின் ஓட்டும் ஆட்சேபங்களும் செல்லாது என்று அறிவித்தார்.

"மிச்சம் என் ஓட்டு மட்டும்தான்," என்றார். "ஒரே ஒரு சந்தேகம். அந்தத் தலைமைத் தவளை யாரைக் குறிக்குது?"

மனைவிதான் பதில் சொன்னாள். "பொறுப்பு இருக்கறவங்களைங்க."

"எதுக்குப் பொறுப்பு?"

"மழைக்குங்க."

தலைவர் கண்ணை மூடிச் சிறிது யோசித்தார். "பெரிய பொறுப்பு," என்றார். "நான் படத்தை முழுசா பாத்தேன். எனக்கு ஒரு இடத்துலயும் சிரிப்பு வரல. சோதனையெல்லாம் வந்தாலும் தலைமை தன் இலையை விட்டு இறங்காம எப்படி நிக்கணும்னு காட்டற படம் இது. இதைப் போய் நகைச்சுவைன்னு சொன்னது உங்க அறியாமை."

சான்றிதழில் 'நகைச்சுவை' என்ற சொல் அடிக்கப்பட்டு, 'நிர்வாகக் கல்விப் படம்' என்று எழுதப்பட்டது. கூடவே எல்லா அலுவலக ஊழியர்களும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் போனது.

விடுமுறையின் கடைசி வாரத்தில் படம் வெளியானது. மச்சானின் தியேட்டரில் முன்வரிசைகளில் பிள்ளைகள். பின்வரிசைகளில் குறிப்பெடுக்கக் காகிதத்தோடு ஊழியர்கள், பக்கத்தில் அவரவர் மேலதிகாரிகள். பிள்ளைகள் முதல் காட்சியிலேயே கூரை பறக்கச் சிரித்தார்கள். பின்வரிசை இடைவேளைவரை பல்லைக் கடித்துத் தாக்குப்பிடித்தது. அதன்பிறகு எந்த அலுவலகம் முதலில் உடைந்தது என்று சொல்ல முடியவில்லை. மறுநாள் யாரும் அனுப்பாமலே அந்த ஊழியர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். மச்சான் வாசலில் நின்ற பெரிய படங்களை அங்கேயே நிற்க வைத்தார். படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் பெண் தவளை யார் என்று விசாரித்துக்கொண்டு போய் அவளிடம் பேச்சுக் கொடுத்தார்கள். அவள் பேசினாள். சில நாள் பொம்மைக்காரர் சாப்பாட்டுக்குத் தனியாக வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

இரண்டாவது படத்துக்குத் தவளைகள் தயாராகிக்கொண்டிருந்தபோது, ஒரு சாயங்காலம் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தலைமைத் தவளைக்கு யாரு குரல் குடுத்தது?"

"நான்தான் சார்," என்றார் பொம்மைக்காரர்.

"குறையா எடுத்துக்காதீங்க. அதுல கொஞ்சம் செயற்கை தெரியுது. கம்பீரம் போதல. எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க, அந்தப் பாத்திரத்துக்கு நானே குரல் குடுத்திருக்கணும்னு."

பொம்மைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே ஒலிவாங்கியைச் சரிசெய்யப் போயிருந்தாள்.

மாடி அறையில் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வசனம் எங்க?"

"வசனம் எழுதலைங்க," என்றாள் அவள். "நீங்க கூட்டத்துல பேசற மாதிரி பேசுங்க, போதும்."

தலைவர் பேசினார். "இந்த வருஷ மழை என் நேரடி மேற்பார்வையில பெஞ்சது. பெய்யாத மழை எதுவும் என் கவனத்துக்குக் கொண்டுவரப்படல. அதை ஆராய ஒரு குழு போட்டிருக்கேன், அதுக்கும் நானே தலைவர்..." பொம்மைக்காரர் இரண்டாவது வாக்கியத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மனைவி கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்; ஓர் இடத்தில் மட்டும், "கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முடிந்ததும் தலைவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு கூச்சம் தெரிந்தது.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல," என்றார். "நடிக்கறேன்னு தெரிஞ்சிடுச்சோ?"

"கொஞ்சம்கூடத் தெரியலைங்க சார்," என்றாள் அவள்.